பிடிபடாத பிடி

துப்பாக்கி பழுதுபார்க்கும் கடைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர், வீட்டில் யாருக்கோ பெரிய வியாதி வந்துவிட்டதைப் போன்ற முகத்தோடுதான் படியேறுவார்கள்; பழைய பிடி உடைந்துபோய்ப் புதுப் பிடி பூட்டிக்கொண்டு வருகிறவர் மட்டும், புதுச் செருப்பு காலைக் கடிக்கிறது என்று சொல்ல வந்தவரைப் போலச் சற்று வெட்கத்தோடு வந்து நிற்பார். "ஒன்றுமில்லை, கொஞ்சம் ஆடுகிறது, ஒரு திருகு இறுக்கிக் கொடுத்தால் போதும்" என்பார். முப்பது வருஷங்களுக்கு மேல் இந்தத் தொழிலில் இருந்த நான், அந்த ஒரு திருகை மட்டும் எவருக்கும் இறுக்கிக் கொடுத்ததில்லை. ஆடுகிற பிடியை இறுக்குவது, அழுகிற குழந்தையின் வாயைப் பொத்துவது மாதிரி என்று என் மேஸ்திரி சொல்வார்.

தொழிலை நான் கற்றது இரண்டு இடங்களில். 1941-ல் பட்டாளத்தில் சேர்ந்து, ஆர்மரர் என்னும் உத்தியோகத்தில், துப்பாக்கிகளைக் கழற்றித் துடைத்துப் பூட்டும் வேலையில் அமர்ந்தேன்; 1943-ல் இயந்திரப் பழுதுகளைப் பார்ப்பதற்கென்றே தனிப்படை ஒன்றை இந்திய ராணுவத்தில் அமைத்தபோது, எங்கள் பட்டறை ஆட்களோடும் அரங்களோடும் அப்படியே அதில் போய்ச் சேர்ந்தது. யுத்தம் முடிந்து மதராஸுக்குத் திரும்பிய பின், மவுண்ட் ரோட்டை ஒட்டிய சந்தொன்றில், லைசென்ஸ் பெற்ற ஒரு பழைய கடையில், நகைவேலை செய்த குடும்பத்திலிருந்து இரும்புக்கு வந்துவிட்ட ஒரு மேஸ்திரியின் கீழ் உட்கார்ந்தேன். பட்டாளம் எனக்கு வேகத்தைக் கற்றுக்கொடுத்தது. அந்த வேகத்தை மறக்கக் கற்றுக்கொடுத்தவர் மேஸ்திரி.

கைத்துப்பாக்கியின் பிடி என்பது, பார்க்கிறவர்கள் எண்ணுவதுபோல ஒரே கட்டையாக இருப்பது அபூர்வம். தோட்டாக்களை அடுக்கிய மேகஸின் நுழைவதற்காக உள்ளே குடைவாக விட்ட இரும்புச் சட்டம் நடுவில் நிற்க, அதன் இரு பக்கங்களிலும் மரத்தாலோ எபோனைட்டாலோ ஆன இரண்டு பலகைகளைப் பொருத்தியிருப்பார்கள். கடையில் நாங்கள் அவற்றை வெறுமனே 'கிரிப்' என்போம். வெளியே தெரிவது ஒரு திருகாணியின் தலைதான் ஆகையால், பலகையைத் தாங்குவது அந்தத் திருகாணியே என்ற பிரமை எல்லோருக்கும் உண்டு. வாஸ்தவத்தில் கதவின் பாரத்தைத் தாங்குவது கீலேயன்றித் தாழ்ப்பாள் அல்ல என்பதுபோல, சுடும்போது எழுகிற உதைப்பைப் பலகையிலிருந்து சட்டத்துக்குக் கொண்டுசெல்வது திருகாணியின் வேலை அல்ல. சட்டத்தில் நிற்கும் சிறு முளைகளும், புஷ் என்னும் சிறு வளையங்களும், விளிம்புத் தோள்களுமே அந்தப் பாரத்தை ஏற்கின்றன. பலகை கழன்று வெளியே விழாமல் பார்த்துக்கொள்வதற்கு மேல் திருகாணிக்கு அங்கே உத்தியோகம் கிடையாது. புதுப் பலகை செய்கிற தச்சர் இதை அறியாமல், வெளி வளைவைப் பழைய பலகையைப் போலவே அழகாக இழைத்துவிட்டு, உட்புறத்தை மட்டமாகச் சீவி ஒரு துளை போட்டுவிடுவார். அதன்பின் உதைப்பு முழுவதும் திருகாணியின் கழுத்தில் விழும். துளை நாளடைவில் முட்டை வடிவாகும். பிறகு உடையவர் படியேறி வருவார்.

இந்தப் பாடத்தை நான் முதலில் கற்றது ஓர் அமெரிக்கரிடம், அதாவது அவருடைய பிழையிடம். 1944-ல் அஸ்ஸாம் பக்கத்து ரயில் பாதையை அமெரிக்க ராணுவ ரயில்வேக்காரர்கள் ஏற்று நடத்தத் தொடங்கியிருந்தார்கள். திமாபூரின் ஸ்டேஷனுக்கு அந்நாளில் மணிப்பூர் ரோடு என்று பெயர். அங்கே எங்கள் பட்டறைக்கு ஒரு சார்ஜண்ட் தம் .45 கோல்ட் பிஸ்டலைக் கொண்டுவந்தார். 1911-ல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்டது முதல் மாறுதல் மிகக் குறைவாகவே கண்ட, ஜான் பிரௌனிங் என்னும் மேதையின் சிருஷ்டி அது. ஆனால் அதன் இரு பக்கங்களிலும் மரம் இல்லை. விழுந்து நொறுங்கிய விமானத்தின் ஜன்னலிலிருந்து அறுத்த கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கைப் பேனாக்கத்தியாலும் அரத்தாலும் பலகையாக்கி, வலப்பக்கத்துப் பலகையின் கீழே தம் மனைவியின் புகைப்படத்தை வெட்டி வைத்திருந்தார். அந்த யுத்தத்தில் அமெரிக்கச் சிப்பாய்களிடையே இது சாதாரண வழக்கம் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். அன்று எனக்கு அது, பூஜைப் படத்தைத் துப்பாக்கியில் ஒட்டி வைத்ததைப் போல விசித்திரமாக இருந்தது.

அவர் சொன்ன குறை, பலகை கிடுகிடுக்கிறது என்பதும், திருகாணியைக் கழற்றினால் அதோடு கூடச் சட்டத்தின் புஷ்ஷும் மரையோடு சுழன்று வந்துவிடுகிறது என்பதுந்தான். கோல்ட்டில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு சிறு புஷ்கள் சட்டத்தில் முடுக்கி நிற்கும்; பலகையின் துளைகள் அந்தப் புஷ்களின் மேல் இடைவெளியின்றி உட்கார வேண்டும். அவர் துளைகளைத் தாராளமாக விட்டிருந்தார். ஆட்டத்தைக் கண்டு திருகாணியை இறுக்கினார். இறுக்க இறுக்கத் திருகாணி புஷ்ஷைக் கவ்விக்கொண்டது. அதோடு பலகை மெல்லியதாக இருந்தமையால் திருகாணியின் நுனி சட்டத்தின் உட்குடைவுக்குள் எட்டிப் பார்த்து மேகஸினை உராய்ந்துகொண்டிருந்தது. பொத்தானை அழுத்தினால் தானே நழுவி விழ வேண்டிய மேகஸினை அவர் நகத்தால் இழுத்து எடுத்துக்கொண்டிருந்தார், அதைக் குறையாகவே எண்ணாமல்.

இவையெல்லாம் சில்லறை. பெரிய குறை அவர் சொல்லாதது. அந்தப் பிஸ்டலின் இடப்பக்கத்தில், பலகையின் மேல் விளிம்பை ஒட்டியாற்போல, விரல்கணு அளவில் ஒரு சிறு குழாய் உண்டு. அதனுள் ஒரு வில்லும், இரு முனைகளிலும் இரண்டு சிறு ஊசிகளும் இருக்கும். ஓர் ஊசி, சுடும்போது பின்னே போய்த் திரும்பும் மேற்பாகமான ஸ்லைடை நிறுத்தும் நெம்பைத் தாங்கும். மற்றொன்று கட்டைவிரலால் தள்ளுகிற பாதுகாப்புத் தாழை அதன் ஸ்தானத்தில் நிறுத்தும். குழாய் சட்டத்தில் இரண்டு சன்னமான கால்களால்தான் நிற்கிறது. அவை காலப்போக்கில் தளராமல் இருப்பதற்குப் பலகையின் மேல் விளிம்பு குழாயை நெருங்கி அணைத்து நிற்பது ஒரு பெரும் உபகாரம். சார்ஜண்டோ, விளிம்பைக் கண்ணுக்கு இதமாக இழைத்து, குழாய்க்கும் பலகைக்கும் நடுவே ஒரு நகக்கனம் இடைவெளி விட்டிருந்தார். நான் கட்டைவிரலால் அழுத்தியபோது குழாய் அசைந்தது. தாழ் உறுதியாக நிற்கவில்லை. குழாயின் கால்களை உள்ளிருந்து மறுபடி விரித்தடித்து, அவர் பையில் மீதமிருந்த பிளாஸ்டிக் துண்டில் இடப்பக்கத்துப் பலகையைப் புதிதாக அறுத்து, மேல் விளிம்பைக் குழாயோடு ஒட்டி நிற்கச் செய்து கொடுத்தேன். மனைவியின் பக்கத்தை நான் தொடவில்லை என்பதில் அவருக்குப் பரம திருப்தி.

மதராஸில் இப்படிப்பட்ட ஆயுதங்கள் எங்கள் கடைக்கு வருவதில்லை. பட்டாளத்துத் தோட்டாவைச் சுடக்கூடிய பெரிய கைத்துப்பாக்கிகளை 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் விதிகள் சாமான்யர் கைக்கு எட்டாமல் வைத்திருந்தன. ஆகவே தோட்ட மானேஜர்கள், பழைய ஜமீன் குடும்பங்கள், பாங்குக் காவலுக்கென லைசென்ஸ் பெற்றவர்கள் ஆகியோரின் .32-ம் .25-மே எங்கள் மேஜைக்கு வரும். இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகிய பிறகு சீமையிலிருந்து உதிரிப் பாகங்கள் வருவதும் அரிதாயிற்று. எபோனைட் பலகை ஒன்று தரையில் விழுந்து இரண்டானால் தச்சரைத் தேடுவதைத் தவிர உடையவருக்கு வேறு வழியில்லை. எபோனைட் என்பது ரப்பரையும் நிறையக் கந்தகத்தையும் சேர்த்து வேகவைத்துக் கல்லாக்கியது; பழைய பலகையை அரத்தால் தேய்த்தால் கந்தக வாசனை எழும்; வெளிச்சத்தில் கிடந்து கிடந்து கறுப்பு மங்கிக் காப்பிப் பொடி நிறத்துக்கு வந்துவிடும்; வயது ஏற ஏற நொறுங்கும். மரத்துக்கு உள்ள மன்னிக்கும் குணம் அதற்குக் கிடையாது.

ஆனைமலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் மானேஜராக இருந்து ஓய்வு பெற்று எழும்பூரில் குடியேறியிருந்த ஒருவர் கொண்டுவந்த வெப்ளி-ஸ்காட் .32 எனக்கு இன்னும் நினைவிலிருக்கிறது. 1911-ல் லண்டன் போலீஸார் எடுத்துக்கொண்ட அதே ஜாதிப் பிஸ்டல்; கோணம் கோணமாக, ஆங்கிலேயர் வீட்டுத் தேநீர்ப் பெட்டியைப் போன்ற தோற்றம். தோட்டத்துத் தச்சர் அதற்கு ஈட்டி மரத்தில் பலகை செய்திருந்தார். அந்த மாதிரி ரேகையுள்ள ஈட்டியை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. ஊதா ஓடிய கறுப்பு, நடுவில் தீ நாக்குப்போல ஒரு சிவப்பு. மேஸ்திரிகூட அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பலகை ஆடவே இல்லை, ஐயா, கல்மாதிரி நிற்கிறது. ஆனால் ஸ்லைடை இழுத்து விட்டால் பாதியில் நின்றுவிடுகிறது. வில் களைத்துப் போய்விட்டதோ?" என்றார் வந்தவர்.

மேகஸினை எடுத்து, தோட்டா நிற்கும் அறையைக் கண்ணாலும் சுண்டுவிரலாலும் பார்த்து, மேஸ்திரியிடம் கொடுத்தேன். அவர் நான் பார்த்ததை நம்பாமல் மறுபடி பார்த்தார். காலி என்று இரண்டு வாய் சொல்லாமல் எங்கள் மேஜையில் எந்த ஆயுதமும் படுத்ததில்லை. உடையவர் கோபித்துக்கொண்டாலும் சரி. பிறகு வலப்பக்கத்துப் பலகையை மட்டும் கழற்றிவிட்டு ஸ்லைடை இழுத்தால், அது வீட்டுக்கு ஓடும் மாட்டைப் போலத் தானே போய்ச் சேர்ந்தது. அவர் முகம் போன போக்கைச் சொல்லி முடியாது.

சூட்சுமம் இதுதான். மற்றப் பிஸ்டல்களில் குழலைச் சுற்றியோ அதன் கீழோ சுருள்வில்லாக இருக்க வேண்டியது, வெப்ளியில் கவட்டையைப் போல வளைந்த தட்டைவில்லாக வலப்பக்கத்துப் பலகையின் அடியில் படுத்திருக்கிறது. ஸ்லைடு பின்னே போகும்போது ஒரு நெம்பின் வழியாக அந்தக் கவட்டை நெருங்கி, மறுபடி விரிந்து ஸ்லைடை முன்னே தள்ளும். ஆகவே அந்தப் பலகையின் உட்புறம், வில் அசைவதற்கென்றே குடைந்த ஓர் அறை. தோட்டத்துத் தச்சரும் குடைந்துதான் இருந்தார், உடைந்த பழைய துண்டுகளைப் பார்த்து. ஆனால் வில் படுத்திருக்கும் நிலையின் அளவுக்குக் குடைந்தாரே தவிர, அது நெருங்கி விரியும் வழியை விடவில்லை. உறங்குகிறவன் அளவுக்குப் பெட்டி செய்து, அவன் புரண்டு படுப்பதை மறந்துவிட்டார்.

எவ்வளவு குடைவது, எங்கே குடைவது என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. இதற்கு மேஸ்திரியிடம் ஓர் உபகரணம் உண்டு: அவர் சம்சாரம் விளக்கெண்ணெய்த் தீபத்தில் கரிபிடித்துப் பேத்திகளுக்காகச் செய்கிற கண்மை. ஒரு சிறு சிமிழில் கொஞ்சம் கடைக்கும் வரும். சட்டத்தின் இரும்பிலும் வில்லிலும் அந்த மையை ஈரம் காட்டாத அளவுக்கு மெல்லத் தடவி, பலகையை நேராக வைத்து அழுத்தி, ஸ்லைடை ஒருமுறை மெதுவாக நகர்த்திக் கழற்றினால், எங்கே இரும்பு மரத்தைத் தொடுகிறதோ அங்கே மட்டும் கறுப்பு விழுந்திருக்கும். கறுத்த இடத்தை மட்டும் சுரண்டு, மறுபடி மை, மறுபடி சுரண்டு. ஈட்டியே கறுப்பு மரம் ஆகையால் மை தெரிவதற்காக உட்புறத்தில் முதலில் சாக்கட்டிப்பொடியைத் தேய்த்துக்கொண்டேன்; இது என் சொந்த யுக்தி, மேஸ்திரி ஒப்புக்கொள்ளாமலே பயன்படுத்திக்கொண்டார். அந்த ஒரு பலகைக்கு எத்தனை முறை மை தடவினேன் என்று எண்ணவில்லை. காலையில் தொடங்கி விளக்கு வைக்கும் நேரம்வரை ஆயிற்று. ஒவ்வொரு முறையும் சுரண்டுவது தாள்கனம்கூட இராது. அவசரப்பட்டு ஒரேயடியாகக் குடைந்தால் வெளிச்சுவர் மெலிந்துபோய், உள்ளங்கையின் அழுத்தத்திலேயே ஒருநாள் விரிந்துவிடும்.

எதை அரத்தால் தேய்ப்பது என்ற விஷயத்தில் மட்டும் எங்கள் கடையில் விவாதமே கிடையாது: மரத்தைத்தான். பலகை உட்காரவில்லை என்று சட்டத்தின் முளையை அரத்தால் தேய்த்துவிட்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். புதிய மருமகளுக்காக வீட்டின் சுவரை இடித்ததுபோலத்தான். கெட்ட பலகையை எறிந்து வேறு செய்துகொள்ளலாம். முளை போனால் அதற்குப் பிறகு எந்தப் பலகையும் உட்காராது. ஒவ்வொரு சட்டமும் தனக்கென்று ஒரு மயிரிழை வித்தியாசம் வைத்திருக்கும் என்பதைப் பழைய தொழிற்சாலைகளே ஒப்புக்கொண்டிருந்தன. வட ஆப்பிரிக்கச் சண்டையிலிருந்து திரும்பிய அதிகாரிகள் கொண்டுவந்த லூகர் பிஸ்டல்களில், மரப்பலகையின் உட்புறத்தில் பிஸ்டலின் எண்ணில் கடைசி இரண்டு இலக்கங்களைக் குத்தி வைத்திருப்பதைக் கண்டேன். அந்த லூகரின் இடப்பலகையில், பாதுகாப்புத் தாழுக்காக வெட்டிய மூலையில் மரம் மிகச் சன்னமாக நிற்கும். நேராகத் தூக்காமல் நெம்பினவர்களுடைய பலகையெல்லாம் அந்த மூலையில் பல் விழுந்திருக்கும்.

ஆட்டத்தில் இன்னொரு வகை, பலகை கால் ஒவ்வாத நாற்காலியைப் போல ஆடுவது. மேலும் கீழும் நகர்ந்தால் துளையிலோ முளையிலோ குற்றம். திருகாணியை நடுவாக வைத்துத் தராசைப் போல ஒருபக்கம் எழுந்து மறுபக்கம் தாழ்ந்தால் உட்புறம் மட்டமில்லை, நடுவில் ஒரு மேடு நிற்கிறது என்று அர்த்தம். ஜன்னல் கண்ணாடித் துண்டின் மேல் உப்புத்தாளை விரித்து, பலகையை அதன்மேல் எட்டுப்போலச் சுற்றித் தேய்த்தால் மேடு தானாகவே பளபளத்துக் காட்டிக்கொடுக்கும். இதை விட்டுத் திருகாணியை இறுக்கினால், பாரமெல்லாம் பலகையின் அந்த மேட்டிலேயே விழும். திருகாணித் துளையிலிருந்து ரேகையின் வழியே நீளப் பிளக்கும். கருங்காலியானால் சப்தத்தோடு பிளக்கும். கருங்காலியைப் பற்றி இருக்கிற மரியாதையெல்லாம் தோற்றத்துக்கு ஏற்பட்டது என்பது என் அபிப்பிராயம். ஈட்டி நல்ல மரம். ஆனால் அதன் தூள் மூக்கில் ஏறினால் அன்று முழுவதும் தும்மல்தான்.

இரும்பில் துருப்பிடித்திருந்தாலும் பலகை எழும்பும். உள்ளங்கை வியர்வை பலகையின் விளிம்பில் இறங்கி, மதராஸின் உப்புக் காற்றோடு சேர்ந்து, வெளியே ஒரு புள்ளி தெரியாமல் உள்ளே துருவை வளர்த்திருக்கும். பலகையைத் திட்டிக்கொண்டு வந்த எத்தனையோ பேருக்குத் துருவைச் சுரண்டி மெழுகு பூசிக் கொடுத்ததோடு வேலை முடிந்திருக்கிறது. எண்ணெய்யை மட்டும் அங்கே விடக்கூடாது. இரும்புக்கு மருந்தாவது மரத்துக்கு விஷம். எண்ணெய் குடித்துப் புழுங்கின பலகைக்குச் சாக்கட்டிப்பொடியைக் குழைத்து அப்பி வெயிலில் வைத்தால், பொடி மஞ்சளாகிக்கொண்டே எண்ணெய்யை உறிஞ்சும்.

பெரிதாகிப்போன துளைகளை முதலில் அரக்கும் மரத்தூளும் கொண்டு அடைத்துவந்தோம். வெயில் காலத்தில் அது இளகும். பிறகு அரால்டைட் கடைக்கு வந்தது, இரண்டு குழாய்களில். இரும்பின் மேல் மெழுகு தடவி, பலகையின் துளையில் கலவையை இட்டு, சட்டத்தோடு பொருத்தி ஒரு ராத்திரி வைத்தால், முளையின் அச்சு அப்படியே பதிந்து, அளவெடுத்துச் செய்ததுபோல் உட்காரும். இந்தச் சௌகரியத்தில் எனக்குக் கர்வம் ஏறியிருந்த சமயத்தில், ஒரு .32 ரிவால்வருக்கு முளையில் மட்டும் மெழுகு தடவ மறந்துவிட்டேன். காலையில் பலகையும் சட்டமும் ஒரே பிறவியாகியிருந்தன. ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோலின் நுனியை முளையின் தலையில் வைத்து, கலவை இளகும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தக் கால் மணி நேரத்தில் மேஸ்திரி ஒரு வார்த்தையும் பேசவில்லை. கண்மைச் சிமிழை எடுத்து என் பக்கமாக மேஜையில் நகர்த்தி வைத்தார், அவ்வளவுதான்.

தேர்தல் வந்தால் எங்களுக்கு வேலை கூடும். லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் ஆயுதங்களைப் போலீஸ் நிலையத்திலோ ஆயுதக் கடையிலோ ஒப்படைத்துவிட்டுப் பிறகு திரும்ப வாங்கிக்கொள்வார்கள். ஈரமான அறையில் சாக்குக்குள் வாரக்கணக்கில் கிடந்த பலகை ஊறியிருக்கும். சிலது மூலை உடைந்தும் வரும். ஊறின பலகையை அந்த நிலையிலேயே இழைத்துப் பொருத்திக் கொடுக்கிற கடைகளும் இருந்தன. உலர்ந்த பிறகு அது யாருடைய பலகை என்று அதற்கே தெரியாது.

வெப்ளிக்காரர் அடுத்த வருஷம் ஆனி மாதத்தில், மேல்காற்று அனலாக வீசிக்கொண்டிருந்த ஒரு பிற்பகல், குடையோடு வந்தார். ஸ்லைடு நன்றாக ஓடுகிறது. ஆனால் பலகையின் கீழ்விளிம்புக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு தலைமயிர் நுழையும் இடுக்கு விழுந்திருக்கிறது என்றார். பார்த்தேன், இருந்தது. மழைக்காட்டில் வளர்ந்து மழைக்காட்டிலேயே அறுபட்ட மரம், முதல்முறையாக எழும்பூர் வெயிலைக் குடித்திருக்கிறது.

"ஐப்பசியில் கொண்டுவாருங்கள், பார்ப்போம்" என்றேன்.

"அதுவரை?"

"அதுவரை ஒன்றும் செய்யாதீர்கள், திருகாணியைத் தொடவே தொடாதீர்கள்."

தட்டிக்கழிக்கிறேன் என்று அவர் எண்ணியிருக்க வேண்டும், முகத்தில் தெரிந்தது. ஆயினும் ஐப்பசியில், இரண்டு நாள் அடைமழை விட்ட ஒரு காலையில் வந்தார். மேகஸினை எடுத்தேன், அறையைப் பார்த்தேன், மேஸ்திரியும் பார்த்தார். இடுக்கு மூடியிருந்தது, மையைத் தடவிப் பார்த்ததில் விளிம்பு முழுவதும் ஒரே கோடாகக் கறுப்பு விழுந்தது. துடைத்துக் கொடுத்தேன். கூலி எவ்வளவு என்று சட்டைப்பையில் கையை விட்டார். பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே, பிஸ்டலின் எண்ணை எழுதி, 'பரிசோதனை மட்டும்' என்று குறித்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு, குடையை மறந்துவிட்டுப் போகிறாரே என்று வாசல்வரை கூப்பிட்டுக்கொண்டு போனேன்.